ஏரி உடைஞ்சா அன்னிக்கு வாய்க்கால்ல தண்ணி நிறையத்தான் ஓடும்

கேள்வி இதுதான்: புயல், வெள்ளம்னு ஒரு பேரிடர் வந்தா அந்த ஊரோட பொருளாதாரம் நிஜமாவே எவ்வளவு அடிவாங்கும், திரும்ப கட்டுற வேலையில பணம் புழங்குறதால ஜிடிபி கூடத்தான் செய்யும்னு சில பேரு சொல்றாங்களே அது சரியா, ஒரு ஊரு பழைய நெலமைக்கு வர எத்தனை வருஷம் ஆகும்.

நான் தஞ்சாவூர் மாவட்டம் பேராவூரணி பக்கம். ஒன்பது வருஷம் ஒரு பேங்க்ல விவசாய கடன் பாத்துக்கிட்டு இருந்தவன், 2018 நவம்பர்ல கஜா புயல் அடிச்சப்பவும் அங்கதான் இருந்தேன். அதனால புத்தகத்துல படிச்சதும் கண்ணால பாத்ததும் கலந்துதான் வரும், கொஞ்சம் நீளமாவும் இருக்கும், பொறுத்துக்கங்க.

முதல்ல அந்த ஜிடிபி விஷயத்தை முடிச்சிடுறேன். கணக்குப்படி அது தப்பே இல்ல. ஜிடிபிங்கிறது ஒரு வருஷத்துல எவ்வளவு உற்பத்தி ஆச்சு, எவ்வளவு வேலை நடந்துச்சுங்கிற கணக்கு, ஏற்கனவே இருந்த சொத்துல எவ்வளவு அழிஞ்சுதுன்னு அது பாக்காது. எங்க டெல்டா ஆளுங்களுக்கு சொல்ற மாதிரி சொன்னா, ஜிடிபி வாய்க்கால்ல ஓடுற தண்ணி, சொத்து ஏரியில நிக்கிற தண்ணி. ஏரி கரை உடைஞ்சா அன்னிக்கு வாய்க்கால்ல தண்ணி பிச்சுக்கிட்டுத்தான் ஓடும், வாய்க்காலை மட்டும் அளந்துக்கிட்டு நிக்கிறவன் இந்த வருஷம் நல்ல பாசனம்னு எழுதிட்டு போயிடுவான். அடுத்த வருஷம் வந்து பாத்தா தெரியும். இன்னொண்ணு, அந்த ஓடுற தண்ணியும் யாரு வயலுக்கு பாயுதுங்கிறது வேற கதை, அதுக்கு பின்னாடி வர்றேன்.

கஜா 16-ந்தேதி விடியக்காலம், நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவுல கரையை கடந்துச்சு. பேரு வச்சது இலங்கை, யானைன்னு அர்த்தம். அன்னிக்கு வானிலை மையம் சொன்ன வேகம் மணிக்கு 100, 110 கிலோமீட்டர், சில நேரம் 120. இது ஒண்ணும் உலக மகா வேகம் இல்ல, அமெரிக்காவுல ஹரிக்கேன்னு பேரு வைக்கிற கோடு 119-ல தான் ஆரம்பிக்குது, இது அந்த கோட்டை ஒட்டித்தான். ஆனா எங்க ஊருல நடந்தது என்னன்னா, மொதல்ல ஒரு பக்கத்துல இருந்து அடிச்சுச்சு, அப்புறம் கொஞ்ச நேரம் இலை கூட ஆடல, முடிஞ்சிடுச்சுடான்னு சில பேரு கதவை தொறந்து வெளிய வந்துட்டாங்க, அப்ப நேர் எதிர் பக்கத்துல இருந்து திரும்ப அடிச்சுது பாருங்க, அதுலதான் எல்லாம் போச்சு. மொத காத்துல வேர் ஆடிப்போய் நின்ன மரத்தை ரெண்டாவது காத்து படுக்க வச்சிடுச்சு. தென்னைக்கு ஆணிவேர் கிடையாது, எல்லாம் சல்லிவேர், மண்ணும் மழையில ஊறி இருந்தா ரெண்டு பக்கமும் ஆட்டி ஆட்டி புடுங்குறது பல்லு புடுங்குற மாதிரிதான்.

விடிஞ்சு பாத்தா வெளிச்சம் ஜாஸ்தியா இருக்கு. இதை வெளியூர்க்காரங்களுக்கு சொன்னா புரியாது. தோப்புக்குள்ள இருக்கிற வீடு எப்பவும் இருட்டாத்தான் இருக்கும், பத்து மணிக்குதான் திண்ணையில வெயில் விழும். அன்னிக்கு ஆறரைக்கே முற்றம் பூரா வெயில், தெரு முனையில இருந்து பாத்தா ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ஸ்கூல் கட்டிடம் தெரியுது. அது வரைக்கும் அந்த ஸ்கூல் அந்த திசையில இருக்குன்னே எனக்கு தோணினது இல்ல.

உயிர்ச்சேதம் அரசு சொன்ன கணக்கே 60-ஐ தாண்டுச்சு. ஆனா நேர்மையா ஒண்ணு சொல்லணும், முன்னாடியே எச்சரிக்கை கொடுத்து முக்கால் லட்சத்துக்கும் மேல ஆளுங்களை முகாமுக்கு கொண்டு போயிட்டதால அந்த எண்ணிக்கை அதோட நின்னுச்சு. இதுதான் இந்தியாவுல கடைசி இருபது முப்பது வருஷத்துல நடந்த பெரிய மாற்றம். 1999-ல ஒடிசாவுல வந்த சூப்பர் புயல்ல பத்தாயிரம் பேரு கிட்ட செத்தாங்க, அதே ஒடிசாவுல 2013-ல பைலின் வந்தப்ப, 2019-ல ஃபானி வந்தப்ப, லட்சக்கணக்குல ஆளுங்களை முன்னாடியே நகர்த்தி சாவை நூறுக்குள்ள நிறுத்திட்டாங்க. உயிரை காப்பாத்த நமக்கு தெரிஞ்சு போச்சு. பொழப்பை காப்பாத்துறதுதான் இன்னும் பிடிபடல. முகாமுக்கு ஆளை கூட்டிட்டு போகலாம், தோப்பை எப்படி கூட்டிட்டு போறது?

இப்ப பொழப்பு கணக்குக்கு வர்றேன். எங்க சித்தப்பாவுக்கு ரெண்டு ஏக்கர் தோப்பு, 140 மரம், எல்லாம் நெட்டை ரகம், இருவத்தஞ்சு அடி இடைவெளியில அவரே வச்சது. காவிரி தண்ணி நம்ப முடியாம போனதுக்கு அப்புறம் நெல்லை விட்டுட்டு போர் போட்டு தென்னைக்கு மாறுன ஆளுங்கள்ல அவரும் ஒருத்தரு, பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கம் பாதி தோப்பு கதை இதுதான். புயலுக்கு அப்புறம் நின்னது 11 மரம். போனது 129.

ஒரு மரத்துக்கு வருஷத்துக்கு நூறு காய், காய் 12 ரூவான்னு குறைச்சே வச்சுக்கங்க, 129 மரத்துக்கு 1,54,800 ரூவா. வெட்டு கூலி, உரம் எல்லாம் போக லட்ச ரூவா கையில நிக்கும். அரசு கொடுத்த நிவாரணம் மரத்துக்கு 600, அதை அறுத்து அப்புறப்படுத்த 500, ஆக 1,100. 129 மரத்துக்கு 1,41,900. அதாவது மரத்தோட ஒரு வருஷ மொத்த வருமானம் கூட இல்ல. அதுலயும் அந்த 500 ரூவாய்க்கு எந்த ஊருல மரத்தை அறுத்து, கட்டையை தூக்கி, வேரை தோண்டி எடுத்து கொடுக்குறாங்கன்னு எனக்கு தெரியல, எங்க ஊருல அப்ப மரம் அறுக்குற மெஷினுக்கும் ஜேசிபிக்கும் கேட்டதுதான் வாடகை.

நெல்லு போனா ஒரு போகம் போகும், ரொம்ப கொடுமைதான், ஆனா அடுத்த வருஷம் திரும்ப நாத்து விடலாம். நெட்டை தென்னை இன்னிக்கு வச்சா உருப்படியா காய்க்க ஆறு ஏழு வருஷம். ஒட்டு ரகம் நாலஞ்சு வருஷம். அப்ப சித்தப்பாவுக்கு நிஜ நஷ்டம் ஆறு லட்சத்துக்கு குறையாது, கையில வந்தது ஒண்ணரை லட்சத்துக்கு கீழ. நடுவுல கடலை, உளுந்து போடலாம்னு அதிகாரிங்க சொன்னாங்க, அது தப்பான யோசனை இல்ல, அவரும் போட்டாரு. ஆனா கடலை போட ஆளு வேணும், தண்ணி வேணும், தெனமும் வயல்ல நிக்கணும், அவருக்கு அப்ப அறுவத்தி மூணு வயசு. தென்னைங்கிறது எங்க பக்கம் பென்ஷன் மாதிரி, வயசான காலத்துல குனியாம சாப்பிடலாம்னுதான் வைக்கிறது. பென்ஷனை நிறுத்திட்டு, அறுவத்தி மூணு வயசுக்காரரை திரும்ப வேலைக்கு வான்னு சொன்ன மாதிரி ஆயிடுச்சு.

நின்ன மரமும் தப்பிச்சுதுன்னு நெனைக்காதீங்க. குரும்பை, அதான் பிஞ்சுக்காய், எல்லாம் கொட்டிப்போச்சு. தென்னையில இன்னிக்கு வெடிக்கிற பாளை ரெண்டு வருஷத்துக்கு மேல முன்னாடியே உள்ளுக்குள்ள உருவாக ஆரம்பிச்சது, அதனால ஒரு தடவை வேர் ஆடிட்டா பாதிப்பு இழுத்துக்கிட்டே போகும். விழுந்த மரத்தை அப்புறப்படுத்தாம விட்டா அந்த மக்குற கட்டையிலதான் காண்டாமிருக வண்டு முட்டை போட்டு பெருகும், அது வந்து புதுசா வச்ச தென்னம்பிள்ளையோட குருத்தை கடிக்கும், கடிச்ச காயத்து வழியா சிவப்பு கூன் வண்டு உள்ள போகும். பணம் இருந்தவன் தோப்பை சீக்கிரம் சுத்தம் பண்ணிட்டான், இல்லாதவன் தோப்புல கட்டை வருஷக்கணக்கா கெடந்துச்சு, அவன் தோப்பு வண்டு சுத்தம் பண்ணவன் பிள்ளையையும் தின்னுச்சு.

இதுவரை சொன்னது நிலம் வச்சிருக்கிறவன் கதை. ஒரு தோப்பை நம்பி எத்தனை பேருன்னு பாருங்க. மரம் ஏறுறவர், காய் பொறுக்கி கூட்டுறவங்க, மட்டை உரிக்கிறவங்க, லோடு ஏத்துறவங்க, கீத்து முடையிற பொம்பளைங்க, கொப்பரை உடைச்சு காய வைக்கிற களம், நார் மில்லு, மில்லு வாசல்ல டீக்கடை. இவங்க யாருக்கும் பட்டா கிடையாது, சிட்டா கிடையாது, விஏஓ நோட்டுல இவங்க பேரே வராது. நிவாரணம் மரத்தை எண்ணித்தான் வருது, மரம் ஏறுனவரை எண்ணி வரல. எங்க தோப்புல ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா வெட்டுக்கு வர்ற அண்ணன் ஒருத்தர், சுத்துப்பட்டு ஊருல நல்ல பேரு அவருக்கு, அந்த தை மாசமே திருப்பூர் பனியன் கம்பெனிக்கு போயிட்டாரு. நாப்பது வருஷமா மரம் ஏறுன உடம்பு, அங்க போய் மூட்டை கட்டுற வேலை. இன்னும் திரும்பி வரல, இப்ப தோப்பு காய்ச்சும் ஏறுறதுக்கு ஆளு கிடைக்கல.

குத்தகைக்காரங்க நெலமை இதைவிட மோசம். டெல்டாவுல கோயில் நிலம், வெளிநாட்டுல இருக்கிறவங்க நிலம்னு நிறைய வாய்ப்பேச்சு குத்தகைதான், பதிவு கிடையாது. பயிர் போட்டவன் ஒருத்தன், பணம் ஏறுனது பட்டாவுல பேரு இருக்கிறவன் அக்கவுண்ட்ல. நல்ல மனுஷங்க பிரிச்சு கொடுத்தாங்க, எல்லாரும் நல்ல மனுஷங்க இல்ல. கூட்டுப்பட்டாவுல அண்ணன் தம்பிக்குள்ள இதை வச்சு பேச்சுவார்த்தை நின்னு போன குடும்பம் எனக்கே நாலு தெரியும்.

அப்புறம் கடன். எங்க பேங்க் கடனையாவது தவணை நீட்டிச்சு மாத்தி எழுத முடிஞ்சுது, அதுவும் வட்டி ஓடிக்கிட்டேதான் இருக்கும், தள்ளுபடின்னு யாரும் நினைக்க வேணாம். வாராவாரம் குழுவுல வசூல் பண்ற மைக்ரோ ஃபைனான்ஸ் ஆளுங்க, கரண்ட் கூட வராத ஊருல பைக்கை நிறுத்திட்டு மரத்தடியில, தப்பு, மரம் ஏது, கோயில் வாசல்ல உக்காந்து பேரு கூப்பிட்டுக்கிட்டு இருந்தாங்க. ஒருத்தி கட்டலன்னா குழுவுல மத்தவங்க கட்டணும், அதுக்கு பயந்து காதுல கெடந்த தோடை அடமானம் வச்சு 850 ரூவா தவணை கட்டுன அக்காவை நான் பாத்தேன். நிவாரண முகாம்ல சாப்பாட்டுக்கு வரிசையில நின்னுட்டு நேரா அங்க வந்து கட்டுனாங்க. புயல்ல ஊரோட சேமிப்பு எப்படி கரையும்னு கேட்டா எனக்கு அந்த தோடுதான் ஞாபகத்துக்கு வரும்.

மீன்பிடி, உப்பு பத்தி சுருக்கமா சொல்றேன், எனக்கு நேரடி அனுபவம் கம்மி. மல்லிப்பட்டினம், சேதுபாவாசத்திரம் பக்கம் விசைப்படகு ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நொறுங்கி கெடந்துச்சு, வேதாரண்யத்துல உப்பளம் போச்சு, புஷ்பவனம் மாதிரி ஊர்கள்ல கடல் சேறு கரை மேல வந்து படிஞ்சு போச்சு. புதுக்கோட்டை பக்கம் கீரமங்கலம், வடகாடுல பலா, வாழை, பூ. 2011-ல தானே புயல்ல கடலூர், பண்ருட்டி முந்திரிக்கும் பலாவுக்கும் என்ன ஆச்சோ அதே கதை.

கரண்ட் பத்தி மட்டும் கொஞ்சம் நின்னு சொல்லணும். ஒரு லட்சத்துக்கும் மேல மின்கம்பம் சாஞ்சுது. பக்கத்து மாநிலங்கள்ல இருந்தெல்லாம் லைன்மேன்கள் வந்து சேத்துல நின்னு கம்பம் நட்டாங்க, அவங்களை ஊரே சோறு போட்டு பாத்துக்கிச்சு. இருந்தாலும் உள் கிராமத்துக்கும் தோப்பு மோட்டாருக்கும் வர வாரக்கணக்கா ஆச்சு. கரண்ட் இல்லன்னா டேங்க்ல தண்ணி ஏறாது, ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்து தெருவுக்கு தெரு தண்ணி ஏத்துனோம், செல்லு சார்ஜ் போட காசு, மெழுகுவர்த்தி, தார்ப்பாய் எல்லாம் சொன்னதுதான் வெலை. 2017-ல அமெரிக்காவுக்கு சொந்தமான போர்ட்டோ ரிக்கோ தீவை மரியா ஹரிக்கேன் அடிச்சப்ப முதல்ல அரசு சொன்ன சாவு எண்ணிக்கை 64. அப்புறம் ஒரு பல்கலைக்கழகத்தை வச்சு ஆராய்ச்சி பண்ணி 2,975-ன்னு திருத்துனாங்க. மிச்ச பேரையெல்லாம் காத்து கொல்லல, டயாலிசிஸ் மெஷின் ஓடல, ஆக்சிஜன் இல்ல, ரோடு இல்ல, மருந்து இல்ல. தீவு முழுக்க கரண்ட் வர பதினொரு மாசம் ஆச்சு. அதனால புயல் அன்னிக்கு ராத்திரியோட முடியுதுன்னு போடுற கணக்கு எல்லாமே அரைகுறை கணக்கு.

அரசு பணம் எங்க போச்சுன்னு கேப்பீங்க. தமிழ்நாடு மத்திய அரசுகிட்ட கேட்டது கிட்டத்தட்ட 15,000 கோடி. டிசம்பர் கடைசியில ஒப்புதல் ஆனது 1,146 கோடி. இது ஒரு கட்சி மேல பழி போடுற விஷயம் இல்ல, நம்ம பேரிடர் நிதியோட விதியே அப்படித்தான், அது நிவாரணத்துக்கான காசு, நஷ்டஈடு கிடையாது. ஹெக்டேருக்கு இவ்வளவு, குடிசைக்கு இவ்வளவுன்னு ஏற்கனவே எழுதி வச்ச ரேட்டு இருக்கு. கேக்குற மாநிலம் நஷ்டத்தை கணக்கு போட்டு கேக்குது, கொடுக்குற டெல்லி ரேட்டை கணக்கு போட்டு கொடுக்குது, ரெண்டும் என்னிக்கும் சேராது.

சரி, அந்த வாய்க்கால் தண்ணி யாரு வயலுக்கு பாஞ்சுதுன்னு சொல்றேன்னு சொன்னேன்ல. மரம் அறுக்குற மெஷின்காரங்க, ஜேசிபி வச்சிருந்தவங்க, ஷீட்டு வியாபாரி, கம்பம் சப்ளை காண்ட்ராக்டர், தென்னங்கட்டையை அடிமாட்டு வெலைக்கு வாங்கி எரிச்ச செங்கல் காளவாய். ஊருல பணம் புழங்குனது உண்மை, அதுல முக்காவாசி ஊருக்குள்ள தங்கல. 2005-ல கத்ரீனா ஹரிக்கேன் அடிச்ச அமெரிக்க ஊரு நியூ ஆர்லியன்ஸ்ல மறுகட்டுமானத்துக்கு கொட்டுன பணம் கொஞ்சநஞ்சம் இல்ல, ஆனா 2000-ல 4.84 லட்சம் பேரு இருந்த ஊருல 2010 சென்சஸ்ல 3.43 லட்சம்தான். பெரிய பணக்கார நாட்டுலயே இப்படி. சின்ன நாடா இருந்தா கேக்கவே வேணாம், அதே மரியா டொமினிக்காங்கிற கரீபியன் தீவு நாட்டுல பண்ண சேதம் அந்த நாட்டோட ஒரு வருஷ ஜிடிபியைவிட ரெண்டு மடங்குக்கு மேல.

ஹ்சியாங், ஜினான்னு ரெண்டு பொருளாதார ஆராய்ச்சியாளருங்க 1950-ல இருந்து 2008 வரைக்கும் உலகத்துல அடிச்ச 6,700 புயலை எடுத்து 2014-ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. புயல் அடிச்ச நாடு, அடிக்கலன்னா எந்த இடத்துல இருந்திருக்குமோ அந்த இடத்தை இருபது வருஷம் ஆகியும் எட்டிப்புடிக்கலன்னு அதுல வருது. அழிச்சு கட்டுனா புதுசா நல்லா வரும்ங்கிற வாதத்துக்கு அவங்க டேட்டாவுல ஆதாரம் கிடைக்கல. ஒவ்வொரு வருஷமும் குறையிறது கொஞ்சம்தான், அதனாலதான் யார் கண்ணுக்கும் படுறது இல்ல. எங்க ஊருல நான் பாத்ததும் அதான். யாரும் பட்டினி கெடக்கல. பையனை இன்ஜினியரிங்குக்கு பதிலா பக்கத்து ஆர்ட்ஸ் காலேஜ்ல சேத்தாங்க, பொண்ணு கல்யாணத்தை ரெண்டு வருஷம் முன்னாடி முடிச்சு விட்டாங்க இல்ல தள்ளி வச்சாங்க, போர் ஆழப்படுத்த வச்சிருந்த காசு கூரைக்கு போச்சு. இதெல்லாம் எந்த சேத மதிப்பீட்டு அறிக்கையில வரும்?

சீக்கிரம் எழுந்திரிச்ச வீடுகள்ல ஒரு ஒத்துமை இருந்துச்சு, யாராவது ஒருத்தர் சிங்கப்பூர்லயோ வளைகுடாவுலயோ இருந்தாங்க. புயல் கடக்காத இடத்துல இருந்து வர்ற வருமானம், அதுதான் எங்க பக்கத்து நிஜமான இன்சூரன்ஸ்.

நிஜ இன்சூரன்ஸ்னு சொல்லும்போது ஒண்ணு ஒத்துக்கணும். தென்னை வளர்ச்சி வாரியத்தோட தென்னை மர காப்பீட்டு திட்டம் 2009-லயே வந்துடுச்சு. 16-ல இருந்து 60 வயசு வரைக்கும் உள்ள மரத்துக்கு அப்ப பிரீமியம் 14 ரூவா, அதுல பாதி வாரியம், கால்வாசி மாநில அரசு, விவசாயி கட்ட வேண்டியது மூணரை ரூவா. மரம் போனா 1,750. சித்தப்பா தோப்புக்கு 490 ரூவா கட்டியிருந்தா, கண்டிஷன் எல்லாம் கழிச்சாலும் நிவாரணத்துக்கு மேல இன்னொரு தொகை வந்திருக்கும். எனக்கு அந்த ஸ்கீம் தெரியும், சர்க்குலர் என் டேபிள்ல கெடந்துச்சு. கடன் கொடுக்குறதுக்கு டார்கெட் இருந்துச்சு, இதுக்கு இல்ல, நானும் யார்கிட்டயும் எடுத்து சொல்லல, சொந்த சித்தப்பாகிட்ட கூட. அவரு இதை பத்தி இன்னிக்கு வரைக்கும் என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல, அவருக்கு அப்படி ஒண்ணு இருந்ததே தெரியாது.

எத்தனை வருஷம்ங்கிற கேள்விக்கு என் பதில், எங்க ஊரை பொறுத்தவரை ஏழு, அதுவும் பாதி பேருக்கு. 2019-ல பிள்ளை வச்சவங்களுக்கு 2025-ல காய்ப்பு புடிச்ச நேரம் தேங்காய் வெலை என்னிக்கும் இல்லாத அளவுக்கு ஏறி நின்னுச்சு, அவங்க கொஞ்சம் மூச்சு விட்டாங்க. கடனுக்கு நிலத்தை வித்தவங்க அந்த வெலையை பேப்பர்ல பாத்தாங்க. சித்தப்பா விக்கல. இப்ப எழுவது ஆகுது, நெட்டை பாதி ஒட்டு பாதியா வச்சிருக்காரு. போன தடவை ஊருக்கு போனப்ப ஏற ஆளு கிடைக்காம தொரட்டியில தானே பறிச்சுக்கிட்டு இருந்தாரு, ஒட்டு ரகம் குட்டையா இருக்குறது இதுக்காவது வசதிடான்னு சொல்லி ஒரு இளநீ வெட்டி கொடுத்தாரு.